திங்களை ஞாயிறாக்கிய ஒற்றைக் கோப்பு

கேபிள் அறுந்து பத்தொன்பதாவது நாள் கலிசி ஒரு முடிவுக்கு வந்தாள். இனி இன்டர்நெட்டை நம்பி டோங்காவின் ஹாபாய்த் தீவுகளில் ஒரு படகுகூடக் கிளம்பக் கூடாது.

அந்த முடிவை எடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. ஐந்து தீவுப் படகுச் சங்கத்தின் கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கிறவள், அவ்வளவுதான். சங்கத்துக்குத் தலைவி இருந்தாள், கமிட்டி இருந்தது, முடிவெடுக்க வருஷத்தில் நாலு கூட்டமும் அவற்றில் குடிக்க வேண்டிய அளவு கவா வேர்ச்சாறும் இருந்தன. கலிசி கூட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. அதற்குக் காரணம் அவளுடைய அப்பா சேமிசி.

ஹானோ, உய்ஹா, மதுகு, துங்குவா, நோமுகா என்று ஐந்து தீவுகளின் படகுத்துறைகளிலும் துறைக்கொரு பழைய லேப்டாப் உண்டு. படகு ஏறுகிறவர்களின் பெயர், வயது, ஊர், கூடவே வரும் கிழங்கு மூட்டை, பன்றி எல்லாவற்றையும் துறை எழுத்தர் அதில் அடிப்பார். அதை வாங்கி வைப்பது ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் கலிசி எழுதிய சர்வர். ஆனால் எழுதியது தீவுகளின் தலைமை ஊரான பங்காயில், ஓடியது ஆக்லாந்தில், யாரோ ஒரு கம்பெனியின் குளிரூட்டிய அறையில். கப்பல் நங்கூரம் ஒன்று கடலடிக் கேபிளை இழுத்துக்கொண்டு போன நாளிலிருந்து ஐந்து லேப்டாப்பிலும் ஒரே காட்சிதான். திரை நடுவில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பதினோராவது நாள் காலை, துங்குவாத் துறை எழுத்தர் சியாலே அந்த வளையத்தைக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, கையால் ஒரு தாளில் பெயர்களை எழுதி, படகோட்டியிடம் கொடுத்தாள். படகோட்டி சேமிசி. தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நடுக்கடலில் இன்ஜின் நின்றது. ரேடியோவும் நனைந்து செத்தது. எழுதிய ஒரே தாள், காணாமல்போன ஆளின் சட்டைப் பையில் இருந்தது.

கரையில் கேட்ட முதல் கேள்வி, படகில் எத்தனை பேர் என்பதுதான். ஆறு என்றாள் சியாலே. இல்லை, கடைசி நிமிஷத்தில் மூன்று பேர் குதித்து ஏறினார்கள், ஒன்பது என்றான் கயிறு அவிழ்த்தவன். ஆறா ஒன்பதா, ஆறா ஒன்பதா என்று பகல் முழுக்க ரேடியோவில் ஐந்து தீவும் கேட்டுக்கொண்டே இருந்தது. எத்தனை பேரை மீட்டால் தேடலை நிறுத்தலாம் என்று தேடப் போனவர்களுக்குத் தெரியவில்லை. பொழுது சாயும்போது படகு கிடைத்தது. எட்டுப் பேர். ஆறும் தப்பு, ஒன்பதும் தப்பு. எல்லாரும் உயிரோடு இருந்தார்கள் என்பதால் ஊர் அதை ஒரு வாரத்தில் வேடிக்கைக் கதையாக்கிவிட்டது. கலிசிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"தேவனுக்கு நன்றி சொல்லு, அதோட விடு" என்றாள் லோசே அத்தை. லோசேதான் சங்கத் தலைவி. சேமிசியின் அக்கா.

"நன்றி சொல்லிட்டேன் அத்தை. விடத்தான் முடியல."

எங்கள் தீவுகளில் அப்பாவின் அக்கா என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இந்தப் பதிலின் கனம் புரியாது. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் முதல் பாய் அவளுக்குத்தான். பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் அவள்தான். அவள் கை காட்டிய பன்றி அவளுடையது. அவளிடம் 'முடியாது' என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. கலிசி அதைச் சுற்றிவளைத்துச் சொன்னாள், அவ்வளவுதான். அத்தை மன்னித்துவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"கேபிள் வரட்டும். மைகாவோட கம்பெனி புதுசா ஒண்ணு வச்சிருக்காம். அவனே வந்து எல்லாம் சரி பண்ணித் தருவான்."

மைகா அத்தையின் மகன், ஆக்லாந்தில் மென்பொருள் விற்கிறவன். தமிழ்க் கதைகளில் அத்தை மகன் வந்தால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். இங்கே அத்தை மகன் அண்ணன். அதிலும் டோங்கா அண்ணன், தங்கையோடு கேலி பேசக் கூடாது, சண்டை போடக் கூடாது, ஓர் அறையில் சேர்ந்து உட்காரவும் யோசிக்க வேண்டும். அத்தனை மரியாதை.

கலிசி அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள்.

அவள் செய்ய நினைத்தது சொல்ல எளிது. ஜாவாஸ்கிரிப்ட் சர்வர் தனியாக ஓடாது. முதலில் அதை ஓட்டும் இன்ஜினை லேப்டாப்பில் நிறுவ வேண்டும். பிறகு சர்வர் சாய்ந்து நிற்கும் நானூறு சின்னச் சின்ன நிரல் பொட்டலங்களை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். துங்குவாவில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்வது நடக்காத காரியம். ஆகவே இன்ஜின், சர்வர், நானூறு பொட்டலம், திரையில் தெரியும் பக்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டிவிடுவது என்று தீர்மானித்தாள். இறைச்சி, வெங்காயம், தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் சேம்பிலையில் சுருட்டி மண்ணடுப்பில் வைக்கிறோம் அல்லவா, அந்த மாதிரி. சாப்பிடுகிறவன் இலையைப் பிரித்தால் போதும். இரண்டு தட்டு தட்டினால் ஓட வேண்டும். வேறு எதுவும் கேட்கக் கூடாது.

செய்ய எளிதாக இல்லை. மூட்டை கட்டும் கருவி, கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் மூட்டைக்குள் போட்டது. ஓடும்போது பெயர் சொல்லிக் கூப்பிடும் நாலு கோப்புகளை வெளியே விட்டுவிட்டது. அவள் கம்ப்யூட்டரில் எல்லாம் அழகாக ஓடியது, ஏனென்றால் விட்டுப்போன நாலும் பக்கத்திலேயே கிடந்தன. ஒரு பழைய லேப்டாப்பை முழுக்கத் துடைத்து, ஒன்றுமே இல்லாத அதில் ஓட்டிப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. அதைச் சரிசெய்தால், பயணிகள் பட்டியலைக் கோப்பு தனக்குள்ளேயே எழுதப் பார்த்துத் திணறியது. கட்டிய மூட்டைக்குள் எழுத முடியாது, பக்கத்தில் தனியாக எழுது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் துடைத்த லேப்டாப்பில், இன்டர்நெட் இல்லாமல், முதலிலிருந்து பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள் என்றே சொல்லலாம்.

கடைசியில் கோப்பு தொண்ணூறு எம்பி வந்து நின்றது. இரண்டு துறைகளில் லேப்டாப்பின் பென் டிரைவ் ஓட்டை உப்புக் காற்றில் துருப்பிடித்துப் போயிருந்தது. அங்கே படகுக்காரர்களின் போனிலிருந்து புளூடூத்தில்தான் அனுப்ப வேண்டும். தொண்ணூறு எம்பி பாதியிலேயே அறுந்தது. குறைக்க வேண்டும்.

எங்கே கொழுப்பு என்று தேடினாள். இன்ஜினுக்குள் உலகத்திலுள்ள அத்தனை மொழிகளின் வழக்கங்களும், அத்தனை ஊர்களின் நேரக் கணக்கும் அடுக்கி வைத்திருந்தார்கள். முப்பது எம்பி.

"பாரிஸ்ல மணி என்னன்னு துங்குவாவுக்கு எதுக்கு?" என்று வாய்விட்டே கேட்டாள்.

அந்த அடுக்கை விட்டுவிட்டு இன்ஜினையே, முன்பே இறக்கி வைத்திருந்த மூல நிரலிலிருந்து மறுபடி கட்டினாள். ஒரு பகல் முழுக்க அவள் கம்ப்யூட்டர் சூடாகி முனகியது. கோப்பு அறுபது எம்பிக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் துடைத்த லேப்டாப்பில் ஓட்டினாள். பெயர் அடித்தாள், அச்சடித்தாள். எல்லாம் சரி. சனிக்கிழமைப் படகுகளில் ஐந்து தீவுக்கும் அனுப்பினாள். மாலைக்குள் ஐந்து எழுத்தர்களும் ரேடியோவில் வந்து, இரண்டு தட்டில் ஓடுகிறது என்றார்கள். சியாலே ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாள்.

"வளையம் சுத்தலடி கலிசி. நான் அழுதுட்டேன். ஓவர்."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கடை இல்லை, படகு இல்லை, வலை வீசுவதில்லை. சட்டமே அப்படி. கலிசி கோயிலுக்குப் போனாள், சாப்பிட்டாள், நிம்மதியாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் ஐந்து படகும் பங்காய்த் துறைக்கு வந்தன. ஐந்து படகோட்டிகளும் அச்சடித்த பட்டியலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தார்கள். லோசே அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். ஐந்தையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள்.

"கலிசி."

அந்தக் குரலைக் கேட்டு வெளியே நின்ற படகோட்டிகள் தொப்பியை எடுத்துவிட்டார்கள்.

ஐந்து தாளின் தலையிலும் ஞாயிற்றுக்கிழமை என்று அச்சாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹானோவில் பன்னிரண்டு பேர் ஏறியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதுகுவில் நாலு பன்றி ஏறியிருக்கிறது. ஐந்து தீவு மொத்தமும், கோயில் வேதபாட வகுப்புத் தலைவி லோசேயின் சங்கத்தில், கர்த்தருடைய நாளில் சுமை தூக்கியிருக்கிறது. சங்கத்தின் கையெழுத்தோடு.

தாள்களில் ஒன்றை யாரோ போனில் படம்பிடித்துவிட்டார்கள். பத்தரை மணிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார், கூச்சத்தோடு.

"நான் நம்பல லோசே. நேத்து ஹானோ ஆளுங்க கோயில்ல பாடினதை ரேடியோவுல நானே கேட்டேன். ஆனா தாள்ல இருக்குதே. தாள்ல இருந்தா நான் கேட்டாகணும்ல."

"கேளுங்க" என்றாள் அத்தை. "என்னைக் கேக்காதீங்க. அவளைக் கேளுங்க."

கலிசிக்குக் காது வரைக்கும் எரிந்தது. தாளைப் பார்த்த அந்த நொடியே அவளுக்குப் புரிந்துவிட்டது. துறை லேப்டாப்புகளில் சில பிரிஸ்பேனிலிருந்து தானமாக வந்தவை, கடிகாரம் அந்த ஊர் நேரத்தையே காட்டும் என்பதால், டோங்கா நேரம் என்ன என்று இன்ஜினிடம் பெயர் சொல்லிக் கேட்கும்படி எழுதியிருந்தாள். நேரக் கணக்கு அடுக்கு இல்லாவிட்டால் கிரீன்விச் நேரத்தை வைத்துக்கொள் என்று எப்போதோ ஒரு வரி சேர்த்திருந்தாள். பாரிஸ் நேரம் எதற்கு என்று வெட்டி எறிந்த அந்த முப்பது எம்பிக்குள் துங்குவாவின் நேரமும் இருந்தது.

உலகத்தில் முதலில் கண் விழிக்கிறவர்களில் நாங்களும் உண்டு. எங்களுக்குத் திங்கள் விடிந்து, சாப்பிட்டு, மதியம் ஒரு மணி ஆனால்தான் கிரீன்விச்சில் திங்கள் பிறக்கும். அதுவரை அங்கே ஞாயிறு. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சோதித்தவளுக்கு இரண்டு ஊர்களிலும் வெள்ளிதான் தெரிந்தது. காலையில் ஒருமுறை, ஒரே ஒருமுறை பார்த்திருந்தால் போதும். அவள் காலையில் பார்க்கவில்லை. பாதி உலகத்தில் இந்தத் தப்பை யாரும் கண்டுபிடித்திருக்கவே மாட்டார்கள். எங்கள் ஊரில் அது ஐந்து தீவையும் பாவிகளாக்கிவிட்டது.

செவ்வாய் மதியம் கூட்டம். மைகா காலை விமானத்தில் வந்து இறங்கியிருந்தான். கலிசி மரியாதைக்காக இடுப்பில் பாய் சுற்றிக் கட்டி, தலையைப் பின்னி, மண்டபத்தின் ஒரு கோடியில் உட்கார்ந்தாள். மறு கோடியில் மைகா. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவரும் சொல்ல வேண்டியதையெல்லாம் நடுவில் இருந்த அத்தையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஊருக்கு அது ஒரு டென்னிஸ் ஆட்டம்.

"அம்மா, என் தங்கச்சியோட உழைப்பை நான் குறைச்சுச் சொல்லல" என்றான் மைகா. "ஆனா ஐந்து தீவுல ஐந்து கோப்பு. ஒண்ணுல தப்புன்னா ஐந்துலயும் தப்பு. ஒவ்வொண்ணையும் படகுல போய்த் திருத்தணும். எங்க சர்வர் ஒரே இடத்துல இருக்கு. தப்பு வந்தா உக்காந்த இடத்துலேர்ந்தே திருத்திடலாம்."

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் கலிசிக்கு வலித்தது.

"அத்தை" என்றாள் கலிசி, "அண்ணன் அவங்க சர்வரை இப்போ இங்கே திறந்து காட்டுவாங்களா?"

மைகா அம்மாவைப் பார்த்துச் சொன்னான். "கேபிள் வந்ததும் காட்டறேன்."

பின்வரிசையில் யாரோ விரலைக் காற்றில் வளையமாகச் சுற்றினார்கள். சிரிப்பு எழுந்தது. அத்தை திரும்பிப் பார்த்ததும் அடங்கியது.

"சிரிக்கறதுக்கு இல்ல" என்றாள் அத்தை. "போலீஸ் என் வாசல்படி ஏறினதில்ல, நேத்து ஏறிச்சு. பாதிரியார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாரு. அந்தக் கோப்பு வேணாம். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ரேடியோவுல சொல்லிடறேன், எல்லாத் துறையிலயும் அழிச்சிடணும். கேபிள் வர்ற வரைக்கும் தாள்ல எழுதுங்க."

கலிசி எழுந்தாள். அத்தை பேசி முடித்த பிறகு யாரும் எழுவதில்லை.

"தப்பு என்னோடது" என்றாள். "கோப்போடது இல்ல, துறை ஆளுங்களோடது இல்ல. நான் காலைல சோதிக்கல. ஐந்து தீவு முன்னாடியும் சொல்றேன், நான்தான் தப்புப் பண்ணினேன். பேரை வேணும்னா கோயில்ல வாசிங்க."

"சரி. உக்காரு."

"ஆனா அந்தக் கோப்பு பேரைத் தப்பா எழுதல. எண்ணிக்கையைத் தப்பா எழுதல. ஏறினவங்க பேர் கரையிலயும் நிக்குது, படகுலயும் போகுது. தேதியை நான் திருத்திடுவேன். தாள்ல எழுதினா என்ன ஆகும்னு நாம பார்த்தாச்சு. ஆறா ஒன்பதான்னு ஒரு பகல் முழுக்கக் கத்தினோம். அந்தத் தாள் யார் சட்டைப் பையில இருந்துச்சு அத்தை? உங்க தம்பியோட சட்டைப் பையில."

மண்டபத்தில் கவாக் கலயத்தைக் கலக்கிக்கொண்டிருந்த கை நின்றது. அக்கா முன்னால் தம்பியின் சாவைப் பற்றி, நடக்காத சாவாகவே இருந்தாலும், இப்படிப் பேசுவதில்லை. சேமிசி கடைசி வரிசையில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோப்பை அழிக்கச் சொல்லி நீயே ரேடியோவுல சொல்லிடு" என்றாள் அத்தை, மெதுவாக. "உன் அத்தை நான் சொல்றேன்."

"மாட்டேன் அத்தை."

அந்தச் சொல்லைச் சுற்றி வளைக்கும் பொறுமை அவளுக்குத் தீர்ந்துவிட்டிருந்தது. அத்தை எழுந்து போனாள். அத்தை போனதால் கூட்டமும் முடிந்தது. கலிசி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். பயத்தில் பாதி, கோபத்தில் பாதி. அம்மா சாப்பாட்டை முன்னால் வைத்தாள்.

அன்று மாலையே கலிசி நேரக் கணக்கு அடுக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். முப்பது எம்பியையும் சேர்க்கத் தேவையில்லை, எங்கள் ஊர் நேரம் போதும். அதை ஒற்றை வரியில் கையாலேயே எழுதினாள்: கிரீன்விச்சுக்கு மேல் பதின்மூன்று மணி நேரம். எப்போதோ எழுதிய அந்தப் பழைய வரியை அழித்தாள். மறுபடி மூட்டை கட்டினாள். புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, சேவல்கள் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருக்கும்போது, துடைத்த லேப்டாப்பைத் திறந்து இரண்டு தட்டுத் தட்டினாள். புதன்கிழமை என்று வந்தது. கடிகாரத்தைப் பத்து மணிக்கு நகர்த்தினாள், ஒன்றுக்கு நகர்த்தினாள், ஞாயிறு காலைக்கே நகர்த்தினாள். ஒவ்வொன்றும் சரி. அதை இனி யார் ஓட்டப் போகிறார்கள் என்றுதான் தெரியவில்லை. எப்படியும் ஒரு பென் டிரைவில் ஏற்றி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

ஏழு மணி. அத்தை ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். கலிசி உள்ளே போகாமல் வாசலில் நின்றாள்.

"எல்லாத் துறைக்கும் லோசே பேசறேன். கலிசி குடுத்த கோப்பை உடனே அழிச்சிடுங்க. அழிச்சதும் சொல்லுங்க. ஓவர்."

ரேடியோ இரைந்தது. பிறகு ஒரு குரல்.

"ஹானோ பேசறேன் தலைவி. அழிச்சிட்டேன். ஓவர்."

கலிசி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா தலைவி, ஸ்கூல் கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்கு. வாத்தியார் காப்பி எடுத்துக்கிட்டார். அது என் கையில இல்ல. இன்னைக்குப் பட்டியலை அதுலதான் அடிச்சேன். பதினொரு பேர். ஓவர்."

"ஸ்கூலுக்கு எப்படிப் போச்சு?"

"போன்லதான் தலைவி. படகுக்காரங்க எல்லார் போன்லயும் இருக்கே. ஓவர்."

மதுகு வந்தது. "துறை லேப்டாப்புல அழிச்சாச்சு. எங்க பாதிரியார் லேப்டாப்புல ஒண்ணு இருக்கு. கோயில் சாமான்ல நான் கை வைக்கலாமா தலைவி? நீங்களே வந்து வச்சாத்தான் மரியாதை. ஓவர்."

நோமுகா வந்தது. "எந்தக் கோப்புன்னு சொல்லணும் தலைவி. என்கிட்ட ஒண்ணு, மச்சான்கிட்ட ஒண்ணு, கடைக்காரர்கிட்ட ஒண்ணு. ஒண்ணைச் சொன்னா ஒண்ணை அழிக்கறேன். ஓவர்."

உய்ஹா, அத்தையின் சொந்த ஊர், பதிலே சொல்லவில்லை. மைக் பொத்தானை இரண்டு முறை தட்டிவிட்டு அமைதியாகிவிட்டது.

கலிசிக்கு இது எதுவும் தெரியாது. அவள் ஐந்து கோப்புதான் அனுப்பினாள். நிறுவ வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம், யாரிடம் இருக்கிறதோ அவர்களிடத்தில் ஓடும் என்று கட்டினாள் அல்லவா, ஊர் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது. ஆக்லாந்து சர்வரை ஒரு கம்பெனி ஒரு பொத்தானில் அணைத்துவிடும். இதை அணைக்கக் கட்டியவளாலும் முடியாது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கடைசியாகச் சியாலே வந்தாள்.

"துங்குவா. நான் அழிக்கல. அழிக்கவும் மாட்டேன். தேதி தப்புன்னா பேனாவால அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதறேன், எனக்குக் கிழமை தெரியும். அன்னைக்கு ஆறுன்னு சொன்னது நான்தான் தலைவி. மூணு பேர் ஏறினது எனக்குத் தெரியல, ஒருத்தர் இறங்கினதும் தெரியல. அந்த நாள் எனக்கு மறுபடி வேணாம். சங்கத்தை விட்டு நீக்கணும்னா நீக்குங்க. ஓவர்."

அத்தை மைக்கை மேசையில் வைத்தாள். திரும்பியபோது வாசலில் கலிசியைப் பார்த்தாள். அவளைத் தாண்டித் துறைப் பக்கம் நடந்தாள். எட்டு மணிப் படகில் அவள் உய்ஹாவுக்குப் போக வேண்டும்.

கலிசி கணக்காக நூறு எண்ணிவிட்டு வெளியே வந்தாள். வாசல் பெஞ்சில் ஒரு நீலப் பென் டிரைவ் இருந்தது, மேலே ஒட்டியிருந்த காகிதத் துண்டில், 'இதிலும் ஒன்று, தயவுசெய்து' என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. தென்னை மரத்துக்கு அப்பால், முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு மைகா நின்றிருந்தான். அண்ணன் தங்கை மரியாதை. கலிசி அதை எடுத்துப்போய்ப் புதிய கோப்பை ஏற்றி, அதே பெஞ்சில், அதே இடத்தில் வைத்துவிட்டுத் துறைக்கு ஓடினாள்.

படகில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பங்காய்த் துறையில் கலிசிதான் எழுத்தர். மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்து ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு அடித்தாள். பன்னிரண்டு பேர். அத்தை குடையும் கூடையுமாக வந்து, மீன் பெட்டியைப் பார்க்காமல் நேராகப் படகில் ஏறி, நடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கிளம்பலாம்" என்றாள், பொதுவாக.

படகோட்டி சேமிசி கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளோடு பேசவும் இல்லை. கயிற்றிடம்தான் பேசினார்.

"பட்டியல்ல இல்லாத ஆள் இருந்தா நான் கயிறு அவுக்க மாட்டேன்."

அறுபத்திரண்டு வயதில் அந்த மனிதர் அக்கா முன்னால் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. படகில் இருந்த பன்னிரண்டு பேரும் திடீரென்று கடலை ரசிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பன்றிக்குட்டி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அலை படகைத் தூக்கித் துறையில் இரண்டு முறை இடித்தது. அத்தை குடையை விரித்தாள், மடக்கினாள்.

"லோசே" என்றாள் கடைசியில், யாரையும் பார்க்காமல். "உய்ஹா."

"வயசு?" என்றாள் கலிசி.

"உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் அத்தை. தேடி வர்றவங்களுக்குத் தெரியாது."

அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகக் கண்ணுக்குக் கண் பார்த்தாள்.

"அறுபத்தாறு."

பிரிண்டர் இரண்டு தாளைத் துப்பியது. ஒன்றைக் கலிசி கல் வைத்து அழுத்திக் கரையில் வைத்துக்கொண்டாள். மற்றதைப் படகுக்கு நீட்டினாள். சேமிசி கை நீட்டுவதற்கு முன் அத்தை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியை மாட்டினாள். தாளின் தலையைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். காலை எட்டு மணி பத்து நிமிஷம். புதன்கிழமை.

பிறகு விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கினாள். பெயருக்கொருமுறை தலையைத் தூக்கிப் படகில் அந்த ஆளைத் தேடிப் பார்த்தாள். தன் பெயருக்கு வந்தபோதும் நிறுத்தவில்லை. அதற்குக் கீழே, கடைசி வரியில், படகோட்டி சேமிசி என்று இருந்தது. அந்த வரியில் விரல் கொஞ்சம் நின்றது.

"பதினாலு" என்றாள் கரையைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி. "கேட்டுதா கலிசி? பதினாலு பேர் போறோம்."

"பதினாலு, அத்தை."

தாளை நாலாக மடித்து இடுப்புப் பாய்க்குள் செருகிக்கொண்டாள். சேமிசி கயிற்றை அவிழ்த்தார்.